பின்னங்காலில் ஆறு சென்ரிமீற்றர்

மல்வேர்ன், ஸ்காபரோ
2023 நவம்பர் 29

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

மூன்று நாளாக உம்முடைய போன் அடித்து அடித்து நிற்கிறது. குடும்ப வட்ஸ்அப் குறூப்பிலிருந்தும் விலகிவிட்டீர். அதனால் தபாலில் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் உயிரியல் படிப்பித்தவனுக்கு நாலு பக்கம் எழுதுவது பெரிய வேலை அல்ல. கோபித்துக்கொண்டிருக்கும் மச்சானுக்கு எழுதுவதுதான் பழக்கமில்லை.

நடந்ததை நான் விளங்கிக்கொண்ட வரையில் சொல்கிறேன். சனிக்கிழமை பின்னேரம் நீர் ஒரு படம் போட்டீர். ட்றக்கின் பின்பெட்டியில் ஒரு கலைமான் படுத்திருக்கிறது. நீர் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர். கீழே, "என்ர முதல் வைற்ரெயில்" என்று எழுதியிருந்தீர். எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். நான் எழுதினேன்: "கிளிபோட், இது வெள்ளைவால் மான் அல்ல. மியூல் மான். காது, கொம்பு, வால் மூன்றும் சாட்சி." ஒரு மணித்தியாலத்தில் நீர் குறூப்பில் இல்லை. திங்கட்கிழமை உம்முடைய மனுசி கரோலின் அழுதுகொண்டு உம்முடைய அக்கா றீற்றாவுக்குப் போன் எடுத்து, வீட்டுக்கு வனவிலங்கு அதிகாரி வந்துவிட்டார் என்று சொன்னா.

நான் கண்டதைச் சொன்னேன். கோவேறு கழுதைக்குப் போலப் பெரிய காது இருந்தால் அது மியூல் மான்; அந்தப் பெயரே அதனால் வந்தது. பிழை கண்டால் திருத்துவது என் கைப்பழக்கம். ஆனால் எழுபது பேர் பார்க்கத் திருத்தியிருக்க வேண்டுமா என்று றீற்றா கேட்கிறாள்.

அதிகாரி என்ன சொன்னார் என்று எழுதும்.

அன்புடன்,
அத்தான் அருள்நாயகம்


அல்பேர்ட்டா
9 டிசம்பர் 2023

அத்தானுக்கு,

கடிதம் கிடைச்சது. போனில எண்டால் நான் கத்திப்போடுவன். கரோலின் இரவு வேலை முடிஞ்சு பகலில படுக்கிறவ. அதுதான் நானும் எழுதிறன்.

என்ன சொன்னவர் எண்டு கேக்கிறியள். எனக்கு இருந்தது வைற்ரெயில் சுடுற லைசன்ஸ் மட்டும். மியூலுக்கு இங்க குலுக்கலில பேர் விழவேணும்; எனக்கு விழேல்லை. அது மியூல் எண்டு தீர்ந்தால் மூண்டு வருசமாவது லைசன்ஸ் போகும், துவக்கும் போகலாம் எண்டு சொல்லுறார். பெப்ரவரி இருபதாம் தேதி கோட்டில வழக்கு.

வந்த மனிசன் நல்ல மனிசன். கத்தேல்லை. "வால் எங்க, தோல் எங்க, கால் எங்க" எண்டு கேட்டவர். நான் என்னத்தைக் காட்டிறது? சனி பின்னேரமே இறைச்சியைப் பங்கு போட்டாச்சு. இந்த ரவுணில பதினொரு தமிழ்க் குடும்பம், பதினொரு பங்கு. தோல் குப்பைக்குப் போட்டுது, வாலும் அதோட. கொம்போட தலை மட்டும் ஷெட்டில இருந்தது, அதையும் நான் சுட்ட துவக்கையும் கொண்டு போயிட்டார். பேந்து பங்கு வாங்கின ஆக்களின்ர பேரைக் கேட்டு, வீடு வீடாய்ப் போனவர். கோணேஸ்வரி அன்ரி கதவைத் திறந்து, "எல்லாம் கறியாயிட்டுது தம்பி, உள்ளுக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ" எண்டிருக்கிறா. அதையும் புத்தகத்தில எழுதிக்கொண்டு போனவராம்.

நீங்கள் படத்தைப் பாத்து மியூல் எண்டு எழுதி ரெண்டு நாள் போகேல்லை, ஒபிசர் வாசலில. இதுக்கு நான் என்ன நினைக்கிறது? எழுபது பேரில ஒருத்தன் ஆருக்கோ சொல்லியிருக்கிறான். நீங்கள் வாழ்க்கையில எத்தினை மியூல் மான் பாத்தனியள் அத்தான்? புத்தகத்தில பாத்ததைக் கணக்கில எடுக்காதேங்கோ.

ஒண்டு சொல்லுறன், அக்காவுக்கும் வாசிச்சுக் காட்டுங்கோ. ஸ்காபரோவில இருபத்திரண்டு வருசம் ரெண்டு ஷிப்ற் அடிச்சன். அங்க எனக்குக் கூட்டாளி எண்டு ஒருத்தரும் இல்லை, நேரமும் இல்லை. இங்க தானியக் கிடங்கில என்னோட வேலை செய்யிற மாக்கஸ்தான் என்னைத் தன்ர தேப்பன்ர காணிக்குக் கூட்டிக்கொண்டு போய், துவக்குப் பிடிக்கக் காட்டித் தந்து, பக்கத்தில இருத்தினவன். நாலு வருசமாய்ச் சனிக்கிழமை எண்டால் அவனோடதான். இப்ப அவன் என்னோட கதைக்கிறேல்லை. நான் சட்டத்தை மீறினவன் எண்டு தீர்ந்தால் அந்தக் காணிக்குள்ள இனிக் கால் வைக்கேலாது. லைசன்ஸைவிட எனக்கு அதுதான் பெரிசு.

கிளிபோட்


மல்வேர்ன்
டிசம்பர் 18

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

எத்தனை மியூல் மான் பார்த்தேன் என்று கேட்டீர். ஒன்றுகூட இல்லை. ஒன்ராறியோவில் அது கிடையாது.

அந்தக் கேள்வி இரண்டு நாள் என்னோடு இருந்தது. மூன்றாம் நாள் பஸ் எடுத்து மிருகக்காட்சிச்சாலைப் பக்கம் இறங்கி, றூஜ் பள்ளத்தாக்குக்குள் நடந்தேன். காட்டோரத்தில் மூன்று மான் மேய்ந்துகொண்டு நின்றன. தொலைநோக்கியைப் பிடித்து வால்களை மட்டும் பார்த்தேன். ஒன்றின் வால் மேல்பக்கம் நல்ல கறுப்பு, உம்முடைய படத்தில் இருந்ததைப் போலவே. அது வெள்ளைவால் மான்தான். இங்கே வேறு மானே இல்லை. அந்த மானை யாராவது படம் எடுத்துக் குறூப்பில் போட்டிருந்தால் அதையும் மியூல் என்று நான் தீர்த்திருப்பேன்.

அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போனேன். நான் கூப்பிட்ட மூன்று சாட்சியும் அவ்வளவு நம்பத்தக்கவை அல்ல. கொம்பு: மியூலுக்குக் கவை கவையாகப் பிரியும், வெள்ளைவாலுக்கு ஒரே தண்டிலிருந்து முள்ளு முள்ளாக எழும்பும். ஆனால் வெள்ளைவாலுக்கும் இடைக்கிடை கவை விழும். காது: படம் எடுக்கும் கோணத்தில் பெரிதாகும், சிறிதாகும். வாலைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நான் பிழையாகச் சொன்னேன் என்று இப்போதும் எழுத முடியாது, ஏனென்றால் அது மியூலாகவும் இருக்கலாம். ஆனால் சொல்லும் அளவுக்கு எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

இனி முக்கியமான விஷயம். உங்கள் பக்கத்தில் இரண்டு இனமும் ஒரே வயலில் மேய்கின்றன. மிக அரிதாக ஒன்றோடொன்று சேர்ந்து கலப்புக் குட்டி பிறப்பது உண்டு. அதைக் கண்டுபிடிக்கக் கொம்பைவிட நல்ல இடம் பின்னங்கால். முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கமாக, மயிர் சூழ்ந்த ஒரு சுரப்பி இருக்கிறது. நீளவாக்கில் ஒரு கீறல் போலத் தெரியும். வெள்ளைவாலுக்கு அது ஒரு பேரீச்சங்கொட்டை அளவு, காலின் நடுவிலோ அதற்குக் கீழேயோ, சுற்றிவர வெள்ளை மயிர். மியூலுக்குக் கரும்பலகையில் எழுதும் ஒரு புதுச் சோக்குக் கட்டியைவிட நீளம், காலின் மேல்பாதியில், மண்ணிற மயிர். கலப்புக்குப் பாதி பாவித்த சோக்கு மாதிரி, இரண்டுக்கும் நடுவில்.

உம்முடைய மான் கலப்பாக இருக்கலாம். "இருக்கலாம்" என்ற சொல்லின் கீழ் கோடு போட்டிருக்கிறேன், பாரும். பின்னங்கால் ஒன்றாவது எங்கேயாவது இருக்கிறதா?

நத்தார் வாழ்த்துகள். கரோலினுக்கும் சொல்லும்.

அருள்நாயகம்


அல்பேர்ட்டா
3 ஜனவரி 2024

அத்தானுக்கு,

மன்னிப்புக் கேட்டதைக் கரோலின் ரெண்டு தரம் வாசிச்சவ. நான் ஒரு தரம்.

கால் கதையைச் சொல்லுறன். முன்னங்கால் ரெண்டையும் சனி பின்னேரமே கராஜில வைச்சுக் காஸ் ரோச்சால மயிர் பொசுக்கி, சுரண்டி, வெட்டி, சூப்புக்குப் பங்கோட குடுத்தாச்சு. ஒபிசர் இதை என்னட்டை ரெண்டு தரம் கேட்டுத்தான் எழுதினவர். இங்கத்தையான் காலை எறியிறவன். அதை நெருப்பில வாட்டிக் குடிக்கிறவங்களை அவர் இப்பதான் கண்டிருக்கிறார்.

பின்னங்கால் ரெண்டையும் நான் தொடேல்லை. மற்றவை வாட்டினால் மயிர் வாசம் நிக்கும் எண்டு அக்கா எப்பவும் சொல்லுவா. அதால மயிரோட அப்பிடியே சுத்தி, அக்காவுக்கெண்டு பஸ்ரியனிட்டைக் குடுத்துவிட்டனான். கரோலின்ர ஒண்டைவிட்ட தம்பி, ஸ்காபரோவில வெக்ஸ்போர்ட் பக்கம் இருக்கிறவன், இங்க ஞானஸ்நானத்துக்கு வந்து நிண்டவன். ஞாயிறு காலமை பிளேன் ஏறினவன். உங்கட மெசேஜை நான் பாக்க முதலே கூலரைக் கட்டிக் குடுத்திட்டன், இல்லாட்டி குடுத்திருக்க மாட்டன்.

கொண்டுவந்து தந்தவனோ? அக்காவைக் கேளுங்கோ.

கிளிபோட்


மல்வேர்ன்
ஜனவரி 10

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

கேட்டேன். நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

பஸ்ரியன் கூலரை டிசம்பர் இருபதாம் தேதிதான் கொண்டுவந்திருக்கிறான்; அதுவரை தன் பிறீசரில் வைத்திருந்தானாம். நான் அப்போது வீட்டில் இல்லை. "தம்பி அனுப்பினவன் என்று சொன்னால் உங்கட முகம் எப்பிடிப் போகுமோ என்று சொல்லேல்லை" என்கிறாள் றீற்றா. நத்தாருக்கு முதல் நாள் மிளகு தட்டிப் போட்டு ஒரு கால் சூப் வைத்தாள். ஆட்டுக்கால் என்று நினைத்து நான் இரண்டு கோப்பை குடித்தேன். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். ஆக, பின்னங்கால் எங்கே என்று உம்மைக் கேட்டுக் கடிதம் போட்டுவிட்டு, பதில் வர முதல் அதில் ஒன்றை நானே குடித்து முடித்திருக்கிறேன்.

மற்றது பிறீசரின் அடியில், முருங்கைக்காய்ப் பைகளுக்குக் கீழே கிடந்தது. மேசையில் பேப்பர் விரித்து வைத்தேன். "சாப்பிடுற மேசை" என்றாள் றீற்றா. நிலத்தில் வைத்தேன். அவளுடைய தையல் நாடாவால் மூன்று தரம் அளந்தேன். என்னை நம்பாமல் நாலாம் தரம் அவளை அளக்கச் சொன்னேன். ஆறு சென்ரிமீற்றர். வெள்ளைவாலுக்கு இரண்டரையைத் தாண்டுவது குறைவு. மியூலுக்குப் பத்துக்கு மேல். இருக்கும் இடம் காலின் நடுப்பகுதி. சுற்றிவர மண்ணிறம், கீறலோரம் மட்டும் வெள்ளை மயிர்.

சந்தோஷப்பட முதல் இதையும் வாசியும். கலப்பு என்று ஆட்கள் சந்தேகித்துக் கொண்டுவரும் மான்களில் அனேகமானவை கடைசியில் தனி இனம் என்றே முடிகின்றன. காலில் கண்ட அளவு ஒரு நல்ல காரணம், அவ்வளவுதான். தீர்ப்பு ஆய்வுகூடத்தில்தான் கிடைக்கும்.

காலை உமக்கு அனுப்பவில்லை. நீர் மாற்றி வைத்தீர் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. கரோலினிடம் விலாசம் வாங்கி, ஐஸ் போட்டு, நேரே அதிகாரியின் கந்தோருக்குக் கூரியர் செய்தேன். கடையில் இருந்த ஸ்டெபனி என்ற பிள்ளை உள்ளே என்ன என்று கேட்டாள். மான் கால் என்றேன். "உடையக்கூடியதா?" என்று கேட்டு, மறுமொழிக்கு நிற்காமல் சிவப்பு லேபலை ஒட்டிவிட்டாள்.

கூடவே அதிகாரிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம். அளவு, இடம், நிறம், கால் என் கைக்கு வந்த வழி. படத்தைப் பார்த்து மியூல் என்று அவசரப்பட்டுச் சொன்னவன் நானே என்றும் எழுதினேன். இன்னும் இரண்டு கேட்டிருக்கிறேன். தலை அவரிடம் இருப்பதால், கண்ணுக்கு முன்னால் இருக்கும் குழியின் ஆழத்தை அளக்க வேண்டும். மியூலுக்கு ஆழம், வெள்ளைவாலுக்கு மேலோட்டம், கலப்புக்கு நடுத்தரம். அதோடு, தலையிலிருந்தும் காலிலிருந்தும் சதைத் துண்டு எடுத்து, இரண்டும் ஒரே மானா, எந்த மான் என்று ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும்.

இனி உம்மிடம் ஒரு கேள்வி. சுட முதல் நீர் எதைக் கண்டு வெள்ளைவால் என்று தீர்மானித்தீர்? வாலைத் தூக்கினதா? ஓடினதைக் கண்டீரா? அதிகாரி கட்டாயம் கேட்பார்.

அருள்நாயகம்


அல்பேர்ட்டா
27 ஜனவரி

அன்புள்ள அத்தானுக்கு,

கால் பத்திரமாய் வந்ததாம். ஒபிசர் என்னைக் கூப்பிட்டு, உங்கட கடிதத்தைக் காட்டி, "இந்த மனிசன் ஆர்?" எண்டு கேட்டவர். அக்காவின்ர புருசன், வாத்தியார் எண்டன். "தெரியுது" எண்டார்.

தலையில குழியை அவரே அளந்தவர். நடுத்தரமாம். சதை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பியாச்சு. கோட்டுக்கு முதல் முடிவு வந்திடும் எண்டார்.

எனக்கு இப்பதான் மூச்சு வருது. கலப்பு எண்டு வந்தால் நான் தப்பீட்டன் அத்தான். பாதி வைற்ரெயில்தானே, என்ர லைசன்ஸும் வைற்ரெயில்தானே. வக்கீல் ஒருத்தரைப் பிடிச்சிருக்கிறன், அவரும் அப்பிடி வாதாடலாம் எண்டார். அவர் கேட்டது ஒண்டுதான்: நீங்கள் இன்னொரு கடிதம் எழுதித் தரவேணும். "கலப்பாக இருக்கலாம்" எண்டில்லை, "நிச்சயம் கலப்பு" எண்டு. ஆய்வுகூடம் பிந்தினாலும் கையில ஒரு பேப்பர் இருக்கும். படிப்பிச்சவர் எண்டு கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை. அது முடிஞ்ச கதை.

மாக்கஸை அரசாங்கப் பக்கம் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கினம். அவன் எனக்குச் சொல்லேல்லை. ஒபிசர் சொல்லித்தான் தெரியும். வேலையில ரெண்டு பேரும் தானியம் ஓடுற ஒரே பெல்ற்றில நிண்டு, கதைக்காமல் கையால காட்டிக் காட்டி வேலை செய்யிறம்.

அக்காவின்ர மற்றக் கால் சூப்பு என்னால இல்லாமல் போச்சு எண்டு சொல்லுங்கோ. வாற வருசம் பாப்பம்.

கிளிபோட்


மல்வேர்ன்
பெப்ரவரி 6

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

அந்தக் கடிதத்தை எழுத மாட்டேன். கோபப்பட முதல் ஏன் என்று கேளும்.

ஸ்காபரோவில் நான் படிப்பித்தபோது என் பத்தாம் வகுப்பில் தக்ஷிகா என்று ஒரு பிள்ளை இருந்தாள். அமைதியானவள், கைதூக்க மாட்டாள். ஒரு முறை இரண்டு பேரின் ஆய்வு அறிக்கை வரிக்கு வரி ஒன்றாக வந்தது. ஒன்று இவளுடையது, மற்றது எப்போதும் முதலாவதாக வரும் ஒரு பையனுடையது. நான் யோசிக்கவே இல்லை. காலை வகுப்பில் எழுந்து, "தக்ஷிகா, பார்த்து எழுதினால் பெயரையும் பார்த்து எழுதியிருக்கலாமே" என்றேன். வகுப்பு சிரித்தது. பின்னேரம் அந்தப் பையன் தானாக வந்து, பார்த்து எழுதினது தான் என்று சொன்னான். நான் உடனே புள்ளியைத் திருத்தினேன். அடுத்த நாள் வகுப்பிலும் சொன்னேன். ஆனால் பகிடியைக் கேட்ட காதுகள் திருத்தத்தை அவ்வளவு கவனமாகக் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க, நடைபாதையில் என்னைக் கண்டால் அவள் அறிவித்தல் பலகையைப் பார்க்கத் தொடங்குவாள்.

நவம்பரில் உமக்குச் செய்ததும் அதே வேலைதான். ஒரு அடையாளத்தைப் பார்த்தேன், முழுவதும் தெரிந்தவன் போல எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். இப்போது "நிச்சயம்" என்று எழுதினால் அது உமக்குச் சாதகமான சொல் என்பதற்காக உண்மையாகிவிடாது. என்னிடம் இருந்தது ஒரு கால். அதில் ஆறு சென்ரிமீற்றர். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒன்று. நீர் வெட்டிவிட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கப்போவதில்லை. ஆனால் ஆய்வுகூடம் ஒரு சங்கதிக்குத்தான் பதில் சொல்லும்: அந்த மான் எது என்று. விசையை இழுத்த நேரம் உமது கண்ணில் என்ன பட்டது என்று அந்தச் சதைத் துண்டில் எழுதியிருக்காது. அது உமக்குத்தான் தெரியும். மாக்கஸுக்கும் தெரியும் என்று எனக்குப் படுகிறது. அவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இருபதாம் தேதி பின்னேரப் பூசையை உம்முடைய அக்கா உமக்காக ஒப்புக்கொடுத்திருக்கிறாள். நான் என்ன கருத்துக்கு என்று கேட்டேன். "என்ர தம்பி ஒழுங்காய்க் கதைக்க" என்றாள்.

அருள்நாயகம்


அல்பேர்ட்டா
25 பெப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கட போன கடிதத்தைக் கிழிச்சுக் குப்பைக்குள்ள போட்டனான். பேந்து கரோலின் பொறுக்கி ஒட்டினவ. அதையும் சொல்லிப்போட்டு மற்றதைச் சொல்லுறன்.

முதல் உங்கட கேள்விக்கு மறுமொழி. நான் ஒண்டையும் காணேல்லை.

அந்த மானை முந்தின நாள் வெள்ளிக்கிழமை மாக்கஸும் நானும் தூரத்தில கண்டனாங்கள். ஏதோ சத்தத்துக்கு வெருண்டு ஓடினது. நாலு காலையும் ஒண்டாய்த் தூக்கி ரெண்டு தரம் குதிச்சுது, பிறகு பாஞ்சுது, பிறகும் குதிச்சுது. எப்பிடி ஓடுறது எண்டு மறந்துபோன மாதிரி. மாக்கஸ் தூரம் பாக்கிற கண்ணாடியால கன நேரம் பாத்திட்டு, "இது எனக்கு விளங்கேல்லை. வடிவாய்ப் பாக்குமட்டும் இதை விடு" எண்டவன். நான் ஓம் எண்டனான்.

சனி காலமை அவன் வர இருபது நிமிசம் பிந்திப்போச்சு. நான் தனிய. பத்தைக்கு மேல கொம்பு தெரிஞ்சுது. நல்ல கொம்பு. நாலு வருசத்தில எனக்கு ஒண்டும் விழேல்லை. மாக்கஸ் வந்தால் விடு எண்டுவான் எண்டு தெரியும். சுட்டன். வாலையும் காலையும் அது விழுந்த பிறகுதான் பாத்தனான். மாக்கஸ் வந்து பின்னங்காலைத் தூக்கிப் பாத்திட்டு, "ஒபிசருக்குப் போன் எடுத்து நீயே கேள்" எண்டவன். கேக்கிறன் எண்டிட்டு, வீட்டை வந்து படத்தைப் போட்டன். பங்கு போட்டன். அவ்வளவு அவசரமாய் ஏன் பங்கு போட்டனான் எண்டு இப்ப உங்களுக்கு விளங்கும்.

இருபதாம் தேதி கோட்டுக்கு வெளியில ஒரு அறையில அரசாங்க வக்கீல், ஒபிசர், நான், என்ர வக்கீல். மாக்கஸ் கதவோரம் வாங்கில இருந்தவன். ஒபிசரின்ர கையில ஆய்வுகூடக் கவர். அவர் திறக்கப் போக, நான் பொறுங்கோ எண்டன். மேல எழுதினதை அப்பிடியே சொன்னன். என்ர வக்கீல் முழங்கையால இடிச்சார்.

அரசாங்க வக்கீல், "இதை நீங்கள் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை" எண்டா.

"தெரியும்" எண்டன்.

"கவரில உங்களுக்கு நல்ல செய்தி இருந்தால்?"

"இருந்தால் பிறகு சொல்ல மாட்டன். அதுதான் இப்ப சொல்லுறன்."

கவரைத் திறந்தினம். தலையும் காலும் ஒரே மான். கலப்பு. தாய் வைற்ரெயில், தேப்பன் மியூல். உங்கட நாடா சரி அத்தான்.

பிழையான இனத்தைச் சுட்ட வழக்கை எடுத்திட்டினம். என்ன மிருகம் எண்டு தெரியாமல் சுட்டதுக்கு ஒரு வருசம் லைசன்ஸ் இல்லை. துவக்கைத் திருப்பித் தந்தாச்சு. வக்கீலுக்கு என்னில கோபம். வாயை மூடியிருந்தால் அந்த ஒரு வருசமும் இல்லை எண்டார். இருக்கலாம்.

வெளியில வர மாக்கஸ் பின்னால வந்து, "ஒபிசருக்குப் போன் பண்ணினது நான்" எண்டான். "எனக்குச் சொல்லியிருக்கலாமே" எண்டன். "உனக்குத்தான் முதல் சொன்னனான். எடு எண்டு சொன்னன். நீ எடுக்கேல்லை" எண்டான். அதோட காரில ஏறிப் போயிட்டான்.

அப்பதான் எனக்கு உங்கட மெசேஜ் ஞாபகம் வந்தது. மூண்டு மாசமாய் உங்களாலதான் ஒபிசர் வந்தவர் எண்டு நினைச்சுக்கொண்டு திரிஞ்சன். நீங்கள் எழுதினது தமிழில. மாக்கஸ் எங்க அதை வாசிக்கிறது? அது என்ர மூளையில ஒரு நாளும் ஓடேல்லை. பிழைக்கு உங்கட பேரைச் சொன்னால் என்ர பேரைச் சொல்லத் தேவையில்லை, அதுதான் ஓடேல்லைப்போல. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

வெள்ளிக்கிழமை வேலையில மாக்கஸ் பக்கத்தில வந்து, "மூண்டாம் பெல்ற் இழுக்குது, பாத்தியா?" எண்டு கேட்டவன். வாயால கேட்டவன். ஓம், பாத்தனான் எண்டன். மத்தியானம், தேப்பன்ர காணிக்கு வாற நவம்பர் வரலாமோ எண்டு கேட்டன். துவக்கில்லாமல் வா எண்டான். தன்ர கண்ணாடியைத் தரமாட்டானாம், சொந்தமாய் ஒண்டு கொண்டு வரட்டாம்.

உங்களிட்டை ஒண்டு இருக்குத்தானே. நீங்களும் வாங்கோவன்.

கிளிபோட்


மல்வேர்ன்
2024 மார்ச் 4

அன்புள்ள கிளிபோட்டுக்கு,

உம்முடைய கடிதத்தை றீற்றாவுக்கு வாசித்துக் காட்டினேன். வக்கீல் முழங்கையால் இடித்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்து, "மிச்சத்தை வாசியுங்கோ" என்றாள். பின்னேரம் அவள் போன் எடுத்தது உமக்குத்தான் என்று நினைக்கிறேன்; ஒரு மணித்தியாலம் அறைக்கதவு சாத்தியிருந்தது.

நானும் என் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். குறூப்பில் இப்படி எழுதினேன்: "நவம்பரில் கிளிபோட்டின் படத்தைப் பார்த்து அது மியூல் மான் என்று எழுதினேன். அது பிழை. ஆய்வுகூட முடிவின்படி அது வெள்ளைவால் தாய்க்கும் மியூல் தகப்பனுக்கும் பிறந்த கலப்பு மான். படத்தை வைத்து அதைச் சொல்ல என்னால் முடியாது, சொன்னது என் குற்றம்." நீர் குறூப்பில் இல்லாதபடியால் கீழே வந்தவற்றையும் எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். மூன்று பேர் கைகூப்பினார்கள். அமிர்தநாதர், "அப்ப மாஸ்ரர், நீங்கள் குடிச்சது எந்த மானின்ர சூப்பு?" என்று கேட்டார். சூப் கதை அவருக்கு எப்படிப் போனது என்று றீற்றாவைக் கேட்டேன். தெரியாது என்கிறாள்.

நீர் அறையில் சொன்னதைப் பற்றி நான் புத்தி சொல்லப்போவதில்லை. கவரைத் திறக்க முதல் சொன்னீர் என்பதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன். மாக்கஸும் அதைத்தான் கவனித்திருப்பார்.

நவம்பர் இரண்டாம் கிழமைக்கு ரிக்கற் பார்த்தேன். றீற்றாவும் வருகிறாள், கரோலினோடு நிற்க. வயலுக்கு வரமாட்டாளாம். குளிருக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று மாக்கஸிடம் கேட்டு எழுதும். எனக்கு எழுபத்தொரு வயது, முழங்கால் ஒன்று சரியில்லை, கன தூரம் நடக்க முடியாது என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடும். கண்ணாடி என்னுடையது நல்லது. உமக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு வருகிறேன்.

ஒரு மான் வந்து நின்றால், என்ன மான் அத்தான் என்று என்னைக் கேட்காதேயும். நானும் வாய் திறக்க மாட்டேன். அது நிற்கட்டும், வாலைத் தூக்கட்டும், திரும்பட்டும், ஓடுகிறதா குதிக்கிறதா என்று பார்ப்போம். அது போய் முடிந்த பிறகு நீர் முதலில் சொல்லும், பிறகு மாக்கஸ் சொல்லட்டும். எனக்குத் தெரிந்தால் நான் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்கிறேன்.

அன்புடன்,
அத்தான் அருள்நாயகம்